அழகுத் தண்ணீர்: சீகிரியாவிலிருந்து ஒரு தங்கமீன் தொட்டி வரை

சீகிரியாவுக்குப் போகிற எல்லோரும் மேலேதான் பார்க்கிறார்கள். டிக்கட் எடுத்து, அகழியைத் தாண்டி உள்ளே காலை வைத்ததுமே கண் குன்றுக்குப் போய்விடுகிறது. ஓவியங்கள், கண்ணாடிச் சுவர், சிங்கத்தின் பாதம், பிறகு உச்சி. வெயில் ஏறுறதுக்குள்ள மேலே போய்ச் சேரணும் என்ற அவசரம் வேறு. அதனால் மேற்கு வாசலைத் தாண்டியதும் காலடியில் கிடக்கிற ஒரு குட்டித் தோட்டத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருக்கும் செங்கற் சுவர்கள், ஆழமே இல்லாத தொட்டிகள், வளைந்து போகிற சிறு கால்வாய்கள். 1980களில் கலாசார முக்கோணத் திட்டத்தின் அகழாய்வுகளில் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த பகுதி இது. சீகிரியா ஆய்வுகளை அப்போது வழிநடத்தியவர் பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க. தளத்தில் கூழாங்கல்லும் பளிங்கும் பரப்பி, அதன் மேல் மெல்லிய படலமாகத் தண்ணீர் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும்படி அமைத்திருந்தார்கள் என்பது அந்த ஆய்வுகள் சொன்ன செய்தி. குளிர்ச்சிக்காகவும்தான், பார்வைக்காகவும்தான்.

ஆழமில்லாத தண்ணீர், மெதுவான ஓட்டம், வழவழப்பான கல். மாத்தளை டவுனில் ஒரு மீன்கடைக்குள் நுழைந்து, வால் விரிந்த குண்டுத் தங்கமீன் ஒன்றை வாங்கி, "இதுக்கு எப்படித் தொட்டி வைக்கணும்?" என்று கேட்டால், விஷயம் தெரிந்த கடைக்காரர் சொல்லப்போவதும் ஏறக்குறைய இதே மூன்றைத்தான். 1500 வருஷத்துக்கு முன்னால் இதே மாவட்டத்தில் ஒரு ராஜாவுக்காகச் செய்த ஏற்பாடு. சீகிரியாவில் அந்தக் காலம் தங்கமீன் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அமைதியான தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவர மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள், அதற்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. தொட்டி வைக்கிற வழியும் நடுவில் வரும்.

சீகிரியாவைக் கட்டிய காசியப்பனின் கதையை ஸ்கூலில் படித்திருப்போம். அப்பனைக் கொன்றவன், தம்பி முகலனுக்குப் பயந்து குன்றில் ஏறியவன். ஆனால் சூளவம்சம் சொல்கிற அந்தக் கொலைக் கதையின் நடுவில் தண்ணீர் இருப்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அப்பன் தாதுசேனன் கலாவெவவைக் கட்டியவன். பொக்கிஷம் எங்கே என்று மகன் கேட்டு ஆளனுப்ப, தாதுசேனன் தன்னைக் கலாவெவவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறான். குளத்தில் இறங்கிக் குளிக்கிறான். தண்ணீரைக் கையில் அள்ளி, தன்னிடம் இருக்கிற செல்வம் இவ்வளவுதான் என்று காட்டுகிறான். அதன்பிறகுதான் அவனைச் சுவரோடு வைத்துக் கட்டிக் கொல்கிறார்கள். அதே நூல் தாதுசேனனையும் சும்மா விடவில்லை: கலாவெவ அணையைக் கட்டும்போது தியானத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு பிக்குவின் மேல் மண்ணைப் போட்டு மூடச் செய்தவன் என்றும், அந்தப் பாவம்தான் திரும்பி வந்தது என்றும் சொல்கிறது. எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பது வேறு விவாதம். எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்றுதான். அப்பன் வயலுக்குப் போகிற தண்ணீரைக் கட்டினான். மகன் கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காலத்தில் பார்ப்பதற்கான தண்ணீரைக் கட்டினான்.

பார்ப்பதற்கான தண்ணீர் என்றால் லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். குட்டித் தோட்டத்தைத் தாண்டினால், நடுவில் ஒரு தீவும் நான்கு மூலையிலும் வளைந்த குளங்களுமாகப் பெரிய நீர்த்தோட்டம் வருகிறது. அதற்கு அப்பால் நீரூற்றுகள். வட்டமான சுண்ணாம்புக் கல் பலகையில் ஒரே ஒழுங்காகத் துளை போட்டிருக்கிறார்கள். அடியில் சின்ன அறை, அதற்கு நிலத்தடிக் கால்வாய். உயரமான இடத்தில் நிற்கிற தண்ணீர் தன் பாரத்தாலேயே கீழே அழுத்த, துளை வழியாக எழும்புகிறது. மோட்டார் இல்லை, ஆள் இல்லை. நல்ல மழைக்காலத்தில் அந்த ஊற்றுகள் இன்றைக்கும் எழும்புகின்றன. மேலே நிற்கிறவனுக்குத் தெரிவது அமைதி மட்டும். குழாயும் சரிவும் அழுத்தமும் மண்ணுக்குள்.

காசியப்பனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தி, சீனப் பிக்கு பாஹியன் அனுராதபுரத்துக்கு வந்து இரண்டு வருஷம் தங்கிப் போனார். அவர் வந்தது ஏடுகள் தேடி. மீன் ஏதும் கொண்டுவந்ததாகக் கதை இல்லை. ஆனால் அவர் புறப்பட்டு வந்த ஜின் ஆட்சிக்காலத்து சீனாவைப் பற்றிய குறிப்புகளில்தான் சாம்பல் நிறக் கெண்டை இனத்துக்குள் திடீரென்று சிவந்த செதிலோடு பிறந்த மீன்கள் முதலில் தலைகாட்டுகின்றன. சாதாரண மீன், கறிக்கு ஆகிற மீன். குளத்தில் சிவப்பாக ஒன்று பிறந்தால் கொக்கு முதலில் அதைத்தான் கொத்தும். பௌத்த விகாரைக் குளங்களில் விடப்பட்டதால் அவை பிழைத்தன. 12ஆம் நூற்றாண்டில் தென் சொங் பேரரசர் காவ்சொங் ஹாங்சோ அரண்மனையில் அவற்றுக்கென்று குளம் வைத்திருந்தார். அதுவரை அவை நிறம் மாறிய மீன்கள் மட்டுமே. உடம்பு மாறவில்லை.

உடம்பை மாற்றியது பாத்திரம். மிங் காலத்தில் தங்கமீன் குளத்தைவிட்டு வீட்டு முற்றத்துக்கு, மண்சாடிக்கும் பீங்கான் தொட்டிக்கும் வந்தது. குளத்தில் வேகமாக நீந்தத் தெரியாத மீன் செத்துப்போகும். சாடியில் சாகாது, வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, எதிரி இல்லை. அதனால் வால் இரண்டாகப் பிளந்தது, முதுகுத் துடுப்பு இல்லாமல் பிறந்தது, உடம்பு முட்டை மாதிரி உருண்டது எல்லாமே பிழைத்துக்கொண்டன. 1596இல் ஜாங் சியெந்தெ என்பவர் தங்கமீனுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. நம்ம வயசுப் பையன். பெரிய எண்ணிக்கையில் குஞ்சுகளை வளர்த்து, நாளுக்கு நாள் கழித்துக்கட்டி, கடைசியில் ஒன்றிரண்டை மட்டும் நிறுத்திக்கொள்கிற முறையை அவர் அதில் சொல்கிறார். அழகு என்பது பெரும்பாலும் கழிப்பதில்தான் இருந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். சாடிக்குப் பக்கவாட்டில் பார்வை கிடையாது. மேலேயிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். விரிந்த இரட்டை வால், அகன்ற முதுகு, இரண்டு பக்கமும் பிதுங்கிய கண் எல்லாம் மேலிருந்து பார்க்கிறவனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வானத்தையே பார்த்தபடி கண் மேல்நோக்கித் திரும்பிய ஒரு வகைகூட உண்டு. தன்னைப் பார்க்கிற முகத்தைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அந்தப் பிளந்த வாலுக்குக் காரணம் கோர்டின் என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றம் என்று 2014இல் தாய்வானில் ஓர் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. முதுகையும் வயிற்றையும் பிரித்து அமைக்கிற மரபணு அது. காட்டில் நடந்திருந்தால் ஒரே தலைமுறையில் அழிந்திருக்கக்கூடிய பிழை.

தங்கமீன் ஜப்பானுக்குப் போனது, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் போனது. அந்தப் பயணத்தை நான் வேகமாகக் கடக்கிறேன். ஏனென்றால் அடுத்த பெரிய திருப்பம் மீனில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது.

1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரியை நீக்கினார்கள். கண்ணாடி மலிந்தது. லண்டனில் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலாளராக இருந்த ரொபர்ட் வொரிங்டன் ஏறக்குறைய 55 லீற்றர் பிடிக்கிற ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணல், சேறு, கல் போட்டு, வலிஸ்னேரியா என்ற நீர்ப்புல்லை நட்டு, இரண்டு சின்னத் தங்கமீன்களை விட்டார். மீன் விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஒட்சிசனை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது கணக்கு. கொஞ்ச நாளில் இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதை லண்டன் வேதியியல் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்கூடம் திறந்தது; 1854இல் பிலிப் கொஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

வொரிங்டனின் கணக்கில் ஒரு ஆள் குறைவு. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வருகிற அமோனியாதான் தொட்டியில் மீனைக் கொல்கிற முதல் விஷம். அதை நைத்திரைற்றாகவும், பிறகு ஓரளவு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத பக்டீரியா. மண்ணில் இந்த வேலையைச் செய்கிற உயிர்களை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தது 1890ஐ ஒட்டித்தான். நன்னீர்த் தொட்டியில் நைத்திரைற்றை மாற்றுவது நைத்திரோஸ்பைரா வகைதான், பாடப்புத்தகத்தில் அதுவரை போட்டிருந்த வகை அல்ல என்பது தெரிந்தது 1998இல். வொரிங்டனின் மணலிலும் சேற்றிலும் அவை வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாது. சீகிரியாவின் நிலத்தடிக் கால்வாய் மாதிரிதான் இதுவும்.

தெரியாததால் வந்த வினைதான் அந்த உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம். மேசைமேல் ஒரு கிண்ணம், வெறும் தண்ணீர், ஒற்றை மீன். படத்தில் பார்க்க அமைதியாக இருக்கும். மணலில்லை, செடியில்லை, பக்டீரியா ஒட்டிக்கொள்ள இடமில்லை, வாய் குறுகியதால் காற்றும் சரியாகக் கலக்காது. அந்த மீன் அசையாமல் நிற்பது அமைதியினால் அல்ல. இத்தாலியில் மொன்சா நகரம் 2004இல் வளைந்த கிண்ணத்தில் மீன் வைப்பதைத் தடைசெய்தது, அடுத்த வருஷம் ரோமும் செய்தது. அப்போது உலகப் பத்திரிகைகள் சிரித்தன. சிரிப்பதற்கு எதுவுமில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது திரும்பவும் மாத்தளைக்கு வரணும். காரணம், இன்றைக்கு உலகத்தில் எந்த நாட்டில் மீன்தொட்டி வைத்தாலும் அதற்குள் நட இலங்கைச் செடி ஒன்று இருக்கும். கிரிப்டோகோரைன் என்ற இனம். நிழலான ஓடைக்கரையில், பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாக வளர்கிற, சேம்பின் சின்னத் தங்கச்சி போன்ற செடி. இலங்கைக்கே உரிய வகைகள் பல உண்டு. அவற்றில் ஒன்று கிரிப்டோகோரைன் பெக்கெட்டியை. ஒலிவ் பச்சையும் மண்நிறமும் கலந்த ஒடுங்கிய இலை, அடிப்பக்கம் சிவப்போடியது. அதை அறிவியல் உலகத்துக்குக் கொண்டுபோன மாதிரி, மாத்தளை கிழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர் தோமஸ் நெய்லர் பெக்கெட், கோப்பிக்காலத்துத் தோட்டத்துரை.

மாத்தளை கிழக்கு என்று தோட்டத்துரைமார் சொன்னது ரத்தோட்டை, கம்மடுவைப் பக்கம், நக்கிள்ஸ் மலையின் மேற்குச் சரிவு. நம்மில் சிலருக்கு அது பாட்டி வீடு. பெக்கெட்டுக்குப் பாசி சேர்க்கிற பழக்கம் இருந்தது. பிற்காலத்தில் நியூசிலாந்து போய் அங்கே பாசி ஆய்வாளராகவே பெயரெடுத்தார். அவர் கொடுத்த செடிக்குப் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வைட்ஸ் பெக்கெட்டின் பெயரை வைத்தார், ஆனால் அச்சில் போடாமலே 1882இல் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த ட்ரிமென் 1885இல் அதை வெளியிட்டார். அதே த்வைட்ஸ்தான் 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாகப் படிந்த ஒரு பூஞ்சையை இங்கிலாந்துக்கு அனுப்பி, இது ஆபத்து என்று எச்சரித்தவர். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெக்கெட்டின் செடி அச்சில் வந்தபோது அது வளர்ந்த மலைகளில் கோப்பி ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது.

அந்த மலைகளில் கோப்பி பறித்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. ராமேஸ்வரம் பக்கமிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு. அங்கிருந்து காட்டு வழியாக, இருநூறு கிலோமீட்டருக்கு மேல், நடை. தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை. புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துச் சனங்கள். காலரா, அம்மை, மலேரியாக் காய்ச்சல், பசி. வழியில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். பிழைத்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளைதான். முத்துமாரியம்மன் கோயிலின் ஆரம்பக் கதையையும் அந்த நடையோடு சேர்த்துத்தான் ஊரில் சொல்வார்கள். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். கோப்பி முடிகிற நேரத்தில்.

காடு வெட்டியது, ஓடைக்குப் பாலம் போட்டது, கரையைக் கட்டியது எல்லாம் அவர்கள் கை. அந்த ஓடையில் நின்ற செடியைத் துரைக்கு முன்னால் அவர்கள் எத்தனை முறை மிதித்துக் கடந்திருப்பார்கள்! பெயர் மட்டும் பெக்கெட். இலங்கையின் மற்ற கிரிப்டோகோரைன்களையும் பாருங்கள்: வோக்கர், த்வைட்ஸ், நெவில், வில்லிஸ். துரைமார், அதிகாரிகள், பூங்காப் பணிப்பாளர்கள். வெண்டி என்று கடைகளில் அதிகம் விற்பது, ஒரு ஜெர்மன் மீன் ஆர்வலர் வெண்ட்டின் பெயர். தாவரவியல் பெயரை இனி மாற்றப்போவதில்லை, மாற்றச் சொல்லவும் இல்லை. ஆனால் கடையில் பிளாஸ்டிக் சட்டியில் அந்தச் செடியைப் பார்க்கிறபோது, "வெளிநாட்டுச் செடி, விலை கூட" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்தலாம்.

சரி, தொட்டி.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுக்க நிரப்பினால் சுமார் 190 லீற்றர். இரண்டு அல்லது மூன்று மீனுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் மட்டும் 190 கிலோ, கல்லும் கண்ணாடியும் அதற்கு மேல் என்பதால் சும்மா ஒரு மேசையில் தூக்கி வைத்துவிடக் கூடாது. உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது. குண்டு உடம்புத் தங்கமீனுக்கு உள்ளுறுப்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. காற்றுப்பையும் நசுங்கியே இருக்கும். ஏறி இறங்குவது அதற்குப் பெரும்பாடு. மேலேயிருந்து பார்க்கிற மாதிரித் தாழ்வாக வைக்க முடியுமென்றால் இன்னும் நல்லது. ஜாங் சியெந்தெ பார்த்த மீனை அப்போதுதான் நீங்களும் பார்க்கிறீர்கள்.

ஓட்டம் மெதுவாக இருக்கணும். பெரிய பவர் ஃபில்டர் போட்டால் விரிந்த வால் மீன் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகும். இரண்டு பெரிய ஸ்பொஞ்ச் ஃபில்டரும் ஒரு எயார் பம்பும் போதும். தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன் என்பதால் ஃபில்டர் பெரிதாகவும் ஓட்டம் சிறிதாகவும் இருப்பதுதான் சூட்சுமம். மீன் விடுவதற்கு நாலு முதல் ஆறு கிழமைக்கு முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டுப் பக்டீரியாவை வளரவிடுங்கள். இந்த ஆறு கிழமைதான் எல்லோருக்கும் பொறுக்காது. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டம்தான். தெரிந்தவர் வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பொஞ்ச் ஒன்று கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

கல் விஷயத்தில் சீகிரியாதான் முன்மாதிரி. ஆற்றுக்கல், வழவழப்பானது, கூர் இல்லாதது. கண் பிதுங்கிய வகைக்கும் கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்குகிற வகைக்கும் ஒரு கூர்முனை போதும், கண் போய்விடும். அதனால்தான் கடையில் விற்கிற பிளாஸ்டிக் கோட்டை, புதையல் பெட்டி, மண்டையோடு இதெல்லாம் வேண்டாமென்கிறேன். ரசனைப் பிரச்சினை வேறு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். தங்கமீன் மண்ணை வாயில் அள்ளித் துப்பித் தின்கிற மீன். கடலைப் பருப்பு அளவுக் கல் தொண்டையில் சிக்கும். ஒன்று மெல்லிய மணல், இல்லையென்றால் வாய்க்குள் போகாத பெரிய கல். நடுவிலுள்ள அளவு ஆபத்து. நடுப்பகுதியை வெறுமையாக விட்டு, கல்லையும் செடியையும் பின்பக்கத்திலும் ஒரு மூலையிலும் ஒதுக்குங்கள். வெறுமைதான் இந்த மீனுக்கு அலங்காரம்.

செடிக்கு வந்தால் சண்டை ஆரம்பமாகும். மெல்லிய இலை எதுவானாலும் தங்கமீனுக்கு சலாட். குளங்களில் கிடைக்கிற கெக்கட்டிய, அதாவது ஔவை மூதுரையில் ஆம்பலோடு சேர்த்துச் சொல்கிற கொட்டியின் சொந்தக்காரச் செடி, தொட்டியில் அலையலையாக அவ்வளவு அழகாக இருக்கும். நாம தண்டைக் கறியாக்குகிறோம், தங்கமீன் இலையைப் பச்சையாகவே முடித்துவிடும். வொரிங்டனின் வலிஸ்னேரியா ஓரளவு தாங்கும். பெக்கெட்டின் செடி அதைவிடத் தாங்கும். இலை கொஞ்சம் தடிப்பு, வேர் ஆழம். ஆனாலும் சின்ன மண்சட்டியில் நட்டு, வேரைச் சுற்றிப் பெரிய கல் வைத்து, சட்டியோடு இறக்குங்கள். நட்ட முதல் கிழமைகளில் எல்லா இலையும் கூழாகிக் கரைந்துபோகலாம். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். இடம் மாறினால் இந்தச் செடி இலையை விட்டுவிட்டு வேரை மட்டும் வைத்துக்கொள்ளும், பிறகு புதிதாக எழும்பும். நிழல் செடி என்பதால் பெரிய லைட்டும் வேண்டாம். மாத்தளைப் பக்கத்துக் காற்றுக்கு ஹீட்டரும் தேவையில்லை. தங்கமீன் குளிரை விரும்புகிற மீன், வெயில் நேராக விழுகிற ஜன்னலோரம்தான் கூடாது.

ஒரு நாள் தொட்டி அலுத்துப்போகும். அல்லது வேலைக்குக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போக நேரும். அப்போது மீனையும் செடியையும் பக்கத்து ஓடையில் விட்டுவிடலாம் என்று தோன்றும். பாவம், உயிரோடு இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து சான் மார்கொஸ் ஆற்றில் யாரோ இப்படித்தான் தொட்டிச் செடியைக் கொட்டியிருக்க வேண்டும். 1990களில் அங்கே ஆற்றின் அடியில் புதிதாக ஒரு செடி படர்ந்திருப்பதைக் கண்டார்கள். அது பெக்கெட்டியை. நம்ம மாத்தளை கிழக்குச் செடி. உலகத்தில் அந்த ஒரே ஆற்றில் மட்டும் வளர்கிற டெக்சஸ் காட்டு அரிசியின் இடத்தை அது பிடிக்க ஆரம்பித்ததால், ஆட்களை இறக்கி வேரோடு பிடுங்கி எடுத்தார்கள். தன் சொந்த ஊர் ஓடையில் அரிதாகத் தேடிப் பார்க்க வேண்டிய செடி, அங்கே களை.

இங்கே அதைவிட நெருக்கமான கவலை உண்டு. லக்கலை பல்லேகமப் பக்கம் களு கங்கையில் ஒரு மீன் இருக்கிறது, டோகின்சியா சிறிலங்கென்சிஸ். வெள்ளியுடம்பில் கறுப்புத் திட்டு, ஆணின் முதுகுத் துடுப்பில் நீண்ட இழைகள். 1985இல்தான் ரணில் சேனாநாயக்க அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அம்பன் கங்கை வடிநிலத்துக்கு வெளியே உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மொரகஹகந்த - களு கங்கைத் திட்டத்தில் அந்த ஆறு அணைக்குப் பின்னால் போய், பழைய லக்கலை டவுனும் தண்ணீருக்குள் போனது. அந்தத் தண்ணீர் வடக்கு வயல்களுக்குத் தேவை, மறுக்கவில்லை. தாதுசேனன் கட்டிய வகைத் தண்ணீர் அது. ஆனால் ஓடுகிற ஆற்றில் பழகிய மீனுக்கு நிற்கிற நீர் வேறு உலகம். அதன் மேல் நம்ம வீட்டுத் தங்கமீனையும் கொண்டுபோய் விட்டால், அது மண்ணைக் கிண்டித் தண்ணீரைக் கலக்கி, முட்டை கிடைத்தால் அதையும் தின்னும். தங்கமீன் கெண்டைக் குடும்பம் என்பதை மறக்க வேண்டாம். எதையும் தாங்கும், எங்கேயும் பெருகும். வைத்திருக்க முடியாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். காசு தரமாட்டார், மீனை எடுத்துக்கொள்வார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. கிழமைக்கு ஒருமுறை, தொட்டித் தண்ணீரில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, ஒரு நாள் முன்பே பிடித்து வாளியில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றணும். எடுக்கிற தண்ணீர் லேசாக மஞ்சளாக இருக்கும். பக்டீரியா செய்து முடித்த நைத்திரேற்று முழுக்க அதில்தான். அதைக் கானில் ஊற்றாதீர்கள். வீட்டுப் பின்பக்கம் முருக்க மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், மாத்தளையில் இல்லாத வீடு ஏது? அதன் அடியில் ஊற்றுங்கள்.